எழுபது தார்

கணக்கெடுப்புக் கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள் ஒருநாளாவது அதைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கரன்கோவில் வெயிலில் தெருத்தெருவாக நடக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டால் தேவலை. பதினாறு வருடமாக நான்தான் நடக்கிறேன். பெயர் ஜுவைரியா, ஊர் கடையநல்லூர், படித்தது மனையியல். அதைச் சொன்னதும் சமையல் படிப்பா என்று கேட்காத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு வீட்டில் யார் எந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்கிறார்கள், அதை எப்படி லேசாக்கினால் அம்மாவுக்கு வருமானமும் பிள்ளைக்குப் படிக்க நேரமும் கிடைக்கும் என்று பார்க்கிற படிப்பு என்று ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் ஆமாம், சமையல்தான் என்று சொல்லிவிடுகிறேன். தொண்டைத் தண்ணீராவது மிஞ்சும்.

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் களப்பணி பார்க்கிறேன். ஒரு திட்டம் முடிந்தால் அடுத்தது வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தபோது வந்ததுதான் தார் மிஷின் திட்டம்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் கட்டையில் சுற்றிக் கொடுக்க வேண்டும். அப்படிச் சுற்றிய கட்டைக்குத் தார் என்று பெயர். செட்டில், அதாவது தறிக் கொட்டகையில், ஆண்கள் தறி ஓட்டுவார்கள், பெண்கள் வீட்டில் தார் சுற்றுவார்கள். தரையில் குனிந்து உட்கார்ந்து கையால் ராட்டை சுற்றி முதுகு போனவர்கள் ஏராளம். எங்கள் திட்டம் முப்பது வீடுகளுக்கு மோட்டார் வைத்த மிஷினும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்டூலும் கொடுத்தது. அம்மா சீக்கிரம் முடித்துவிடுவாள், பிள்ளை ராட்டைப் பக்கம் வராமல் படிக்கும் என்று நம்பினோம். மூன்று வருடம் கழித்து, அது நடந்ததா என்று பார்த்து எழுத இந்தப் பிப்ரவரியில் என்னை அனுப்பினார்கள். நடந்தது என்று எழுதினால் இரண்டாம் கட்டமாக இருநூறு வீட்டுக்கு மிஷின் வரும். எனக்கும் இரண்டு வருடத்துக்கு வேலை இருக்கும். நடந்தது என்று எழுதுகிற மனநிலையில்தான் பஸ் ஏறினேன், அதை மறைப்பானேன்.

முதலில் போனது முப்பிடாதியம்மாள் வீட்டுக்கு. முதலில் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் திட்டத்தின் பெருமையே அவள்தான். மிஷின் கொடுத்த புதிதில் முப்பது வீட்டிலும் ஒருநாள் அளந்ததில் அவள் வீட்டில்தான் அதிகம், எழுபது தார். கை ராட்டையில் முப்பதைத் தாண்டாதவள். அவளைக் கல்லூரி விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மேடையேற்றிப் பேசவைத்தோம். அவள் படத்தை அட்டையில் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்தோம். ஒரு பெண், ஒரு நாள், எழுபது தார் என்பது அதில் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எழுபதை அளந்தது நான். புத்தகத்தில் என் பெயரும் உண்டு, கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில்.

நான் போனபோது புதன்கிழமை காலை பதினொரு மணி. வாசல் வரை மிஷின் சத்தம் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் மிஷினில் இருந்தது முப்பிடாதி இல்லை, அவள் மகள் பொன்செல்வி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. என்னைப் பார்த்ததும் ஏதோ திருடி அகப்பட்டதுபோல எழுந்து சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து முப்பிடாதி வந்தாள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்த அவள் புருசன் ஆனந்தகுமார் உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த மிஷின் சத்தத்தில் தூங்குகிறவர் எந்தச் சத்தத்திலும் தூங்குவார்.

பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டேன். வயிற்று வலியாம். முப்பிடாதிக்கு அதைச் சொல்லும்போதே எரிச்சல் வந்துவிட்டது. வாரத்துக்கு ஒருநாள், இரண்டு நாள் இப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கொள்கிறாளாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் ஒன்றும் இல்லை என்கிறார்களாம். வகுப்பு டீச்சர் கூப்பிட்டு, இப்படியே போனால் பத்தாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டாராம். கல்லூரியிலிருந்து வருவதால் நானும் அவளுக்கு டீச்சர்தான்.

"இவளுக்குப் படிப்பு ஏறல டீச்சர். போவப் பிடிக்கல. இந்த வருசத்தோட நிப்பாட்டிருவோம்னு இருக்கேன். ஜவுளிக்கடையில சொல்லி வச்சிருக்கு, சித்திரைக்கு மேல வரச் சொல்லிருக்காவ."

பொன்செல்வி தலையைத் தூக்கவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் வந்த வேலையைப் பார்க்க வேண்டும். தாளை எடுத்து வைத்துக்கொண்டு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஸ்டூலைப் பார்த்தேன்.

அந்த ஸ்டூலின் காலில் மூன்று துளை உண்டு. எந்தத் துளையில் போல்ட்டைப் போட வேண்டும் என்பதற்காக முப்பது பெண்களின் முழங்காலிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்தவள் நான். முப்பிடாதி நல்ல வளர்த்தி. அவளுக்கு மேல் துளை. அதில் போல்ட்டை முடுக்கி, இதை மாற்றாதே, மாற்றினால் மறுபடி முதுகு வலிக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். இப்போது போல்ட் கீழ்த் துளையில் இருந்தது. மேல் துளையில் தூசி அடைத்திருந்தது. மகள் அப்பா மாதிரி குட்டை.

இதை யார் இறக்கியது என்று கேட்டேன். அவள்தான், ஏறி உட்கார்ந்து விளையாடுவாள் என்றாள் முப்பிடாதி. தான் அடுப்பைப் பார்க்கப் போகிற நேரத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருப்பாளாம். ஸ்டூலை ஏற்றி இறக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு தானும் அப்படியே உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். முதுகு வலிக்கிறதா என்றதற்கு, வலிக்காத நாள் எது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிற முகத்தைப் பதினாறு வருடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மகள் ஏறி உட்காருவதை இவள் வேலை என்றே நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை தார் போடுகிறாய் என்பது அடுத்த கேள்வி. எழுபது என்று சொல்லும்போது அவள் முகத்தில் அந்த மேடை வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. எழுபதுக்குக் குறைந்தால் மகாராஜன் அண்ணாச்சி நூல் தரமாட்டார் என்றும் சொன்னாள். மகாராஜன் தறி செட்டு முதலாளி. இந்த முப்பது வீட்டுக்கும் நூல் கொடுத்துத் தார் வாங்குகிறவர். அவர் எங்கள் புத்தகத்தைச் செட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறாராம். முப்பிடாதியால் முடிகிறது, உங்களால் ஏன் முடியாது என்று மற்ற வீட்டுக்காரிகளிடம் கேட்பாராம். மிஷின் வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும் இப்போது எழுபதுதான் அளவாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொன்செல்வியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். வராத நாட்களை வகுப்பு டீச்சர் தேதி போட்டு எழுதி, பெற்றோர் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தார். முப்பிடாதி கையெழுத்துப் போட்டிருந்தாள். நேர் எதிரே சுவரில் மாதக் காலண்டர். அதில் சில தேதிகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. குழாயில் தண்ணீர் வருகிற நாளாம், நாலு நாளைக்கு ஒருமுறை, ஐந்து நாளைக்கு ஒருமுறை. அன்றைக்கு முப்பிடாதிக்கு இரண்டரை மணி நேரம் குடத்தோடு போய்விடும். நான் நோட்டையும் பார்த்தேன், காலண்டரையும் பார்த்தேன். வயிற்று வலி வந்த நாள் எல்லாம் வட்டம் போட்ட நாள்தான். வட்டம் விழுந்த ஞாயிறுகளில் மட்டும் வலி இல்லை. அன்றைக்கு யாரும் வருகைப் பதிவு எடுப்பதில்லையே.

தெருமுனை வரைக்கும் பொன்செல்வி என்கூட வந்தாள். அவளாகவே, மெதுவாக, "அம்மாகிட்ட சொல்லிராதீங்க டீச்சர்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை, எதை என்று அவளும் சொல்லவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அன்றைக்கே இன்னும் இரண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கால் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து மூன்று வருடத்துப் பழைய தாள்களை எடுத்தேன். எங்கள் தாளில் ஒருநாள் என்பது நாற்பத்தெட்டுக் கட்டம், கட்டத்துக்கு அரை மணி. முப்பிடாதியின் தாளைப் பார்த்தபோது எல்லாம் ஞாபகம் வந்தது. அது மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. நான் பத்து மணிக்குப் போனேன். ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்ப வந்தேன். கூடையில் இருந்த தாரை எண்ணினேன். எழுபது. மிஷினை விட்டுக் கிளம்பாமல் நாள் முழுக்க இருந்தாயா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். எழுதிக்கொண்டேன். அடுத்த வரியில் வீட்டுக் குழந்தை என்று ஒரு பகுதி. பதினொரு வயதுப் பிள்ளை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து மிஷினை ஓட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தில் விளையாட்டு என்று எழுதியிருந்தது. நாலு கட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். சாப்பிடப் போன மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்து, பார்க்காமலே ஆறு கட்டத்தில் அதையே எழுதியிருக்கிறேன்.

அம்மா எழுந்து போனால் பிள்ளை உட்காரும், மிஷின் நிற்காது. வீட்டில் அது வழக்கம். யாரும் அதைச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் அது சொல்கிற விஷயமே இல்லை. அதைக் கண்டுபிடித்து எழுதத்தான் எனக்குச் சம்பளம். நானும் எழுதாமல் விட்டதோடு, ஒன்றரை ஆள் போட்ட தாரை ஒரு ஆள் கணக்கில் ஏற்றி அச்சிலும் போட்டாயிற்று. முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். இப்போது முப்பது வீட்டிலும் ஒரு பிள்ளை மேல் துளைக்கு எட்டாமல் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு இரவு முழுக்க என்மேல்தான் எனக்குக் கோபம்.

காலையில் ஷீலா மேடத்துக்குப் போன் போட்டேன். திட்டத்தின் தலைவர், பேராசிரியை, வருகிற ஜூனில் ஓய்வு பெறுகிறார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவரைப் பற்றிக் குறை சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. எழுபதை வைத்து எழுதிய கட்டுரை வெளிவந்து இரண்டு வருடம் ஆகிறது, இரண்டாம் கட்டத்துக்கான விண்ணப்பமும் அதை வைத்துத்தான் போயிருக்கிறது என்றார். வேண்டுமானால் புது அறிக்கையில், ஆய்வின் குறைகளைச் சொல்கிற வரம்புகள் பகுதியில் ஒரு வரி சேர்க்கலாம் என்றார். ஒரு வரி போதாது மேடம் என்றேன். அதற்கு அவர், "எழுபதுன்னு நீங்க எழுதினீங்க ஜுவைரியா, நான் நம்பினேன். இப்போ இல்லைங்கறீங்க. இல்லைன்னா எத்தனை? அதைக் கொண்டு வாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, அசதி இருந்தது. எண்ணிக்கை மாறினால் இரண்டாம் கட்டம் நின்றுவிடலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆக, அளப்பது என்று முடிவாயிற்று. இந்த முறை சாப்பிடப் போகிற கதை எல்லாம் கிடையாது. காலை ஆறிலிருந்து இரவு ஏழு வரை கூடவே இருந்து, நிமிடக் கணக்கில் பார்த்து எழுத வேண்டும். தார் சுற்றுவது முப்பிடாதி மட்டும். பார்க்கிற ஆள் எந்த வேலையிலும் கை வைக்கக்கூடாது என்பது விதி. முப்பிடாதியிடம் கேட்டபோது சந்தோஷமாகச் சம்மதித்தாள். மறுபடி படம் எடுப்பீர்களா என்று கேட்டாள். காலண்டரில் வட்டம் போட்ட நாளாகப் பார்த்து நான் தேதி சொன்னேன். அன்றைக்கு வயிற்று வலி வரக்கூடாது என்று பொன்செல்வியிடமும் தனியாகச் சொல்லி வைத்தேன்.

முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்கு முன்னால் போய்விட்டேன். ஸ்டூலை மேல் துளைக்கு ஏற்றிப் போல்ட்டை முடுக்கினேன். முப்பிடாதி ஏறி உட்கார்ந்து, இது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டாள். மூன்று தார் சுற்றுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து ஓடினாள். மிஷின் நின்றது. பொன்செல்வி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உட்காராதே என்று தலையை ஆட்டினேன். பள்ளிக்கூட நேரத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு போனாள். வாசலைத் தாண்டி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். தண்ணீரைப் பிடித்து அண்டாவை நிரப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால் புருசன் ஷிப்ட் முடிந்து வருவார், எழுந்து இட்லி அவித்துக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்தால் நூல் அறும். முடிச்சுப் போட்டு நாலு தார் சுற்றினால் கரண்ட் போகும். கரண்ட் போன நேரத்தில் துணியை நனைத்தாள். கரண்ட் வந்தபோது கையெல்லாம் சோப்பு. நடுவில் ரேஷன் கடையில் பாமாயில் போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லிவிட்டுப் போனாள், முக்கால் மணி நேரம் அங்கே. மதியம் சோறு பொங்க எழுந்தாள். அவள் முன்னால் உட்கார்ந்து பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு, எழுந்து அடுப்பை அணைக்காமல், பால் பொங்கியது ஒரு நிமிடம் என்று எழுதிய பாவி நான். விதி என்றால் விதி. மத்தியானத்துக்கு மேல் அவள் என்னைக் கொஞ்சம் வெறுக்க ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. நியாயம்தான்.

நாலரைக்குப் பொன்செல்வி வந்தாள். பையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கண் கூடைக்குப் போனது. எண்ணிவிட்டாள், எண்ணியது முகத்தில் தெரிந்தது. நீ உட்கார்ந்து படி என்றேன். கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நூல் அறுகிறபோதெல்லாம் அவள் கை தன்னால் தூக்கிக்கொண்டது. முப்பிடாதி இரவுச் சமையலுக்கு எழுந்து போனாள். மிஷின் நின்றது. அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஷிப்டுக்குக் கிளம்ப எழுந்து வந்த ஆனந்தகுமார்கூட மிஷினுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

ஏழு மணிக்கு மகாராஜன் அண்ணாச்சி எக்ஸெல் வண்டியில் வந்து இறங்கினார். தினமும் அந்த நேரத்துக்கு வந்து தார் எடுத்துக்கொண்டு போவார். என்னைப் பார்த்ததும் மரியாதையாகக் கும்பிட்டார். உட்கார்ந்து கூடையை எண்ணினார். நாற்பத்து மூன்று.

"மிச்சம் எங்க தாயி?" என்றார் முப்பிடாதியிடம்.

டீச்சர் நாள் முழுக்க முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் கை ஓடவில்லை என்று அவள் சமாளித்தாள். முகம் சிவந்துவிட்டது. இதுவரை ஒருநாளும் குறைந்தது இல்லையே அண்ணாச்சி, நாளைக்குச் சேர்த்துப் போட்டுவிடுகிறேன் என்றாள். அவர் கையைப் பிசைந்தார். மனுசர் கெட்டவர் இல்லை. இந்தத் தார் முழுக்க ஆனந்தகுமார் ஓட்டுகிற தறிக்குத்தான் போகிறது, நாற்பத்து மூன்று என்றால் விடிகிறதுக்கு ரொம்ப முன்னாலேயே தறி நின்றுவிடும், நின்ற தறிக்கு நான் எப்படிக் கூலி போட முடியும் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பு இல்லை.

நான் அண்ணாச்சியிடம், எழுபது என்று நான் எழுதியது தப்பு என்றேன். ஒரு பெண் வீட்டையும் பார்த்துக்கொண்டு ஒருநாளில் போட முடிவது இவ்வளவுதான், இன்றைக்கு நிமிடம் நிமிடமாகப் பார்த்து எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார்.

"அச்சடிச்சுக் குடுத்தது நீங்கதான டீச்சர்? முப்பது வீடும் எழுபது தருதாவளே. அது எங்கேருந்து வருது?"

நான் பதில் சொல்வதற்குள் முப்பிடாதி என் கையிலிருந்து தாளை வாங்கிவிட்டாள். எட்டாவது வரை படித்தவள். கட்டம் கட்டமாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாள். தண்ணீர், இட்லி, துணி, ரேஷன், சோறு, இரவுச் சமையல். அந்த இடங்களில் எல்லாம் மிஷின் நின்றது என்று எழுதியிருந்தேன்.

"இந்த நேரமெல்லாம் மிஷின் நின்னுக்கிட்டா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஆமா."

"மத்த நாளு நிக்காதே டீச்சர். அடுப்படியில நின்னா சத்தம் கேட்டுக்கிட்டேல்லா இருக்கும்."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். திரும்பி மகளைப் பார்த்தாள். அப்புறம் காலண்டர் பக்கம் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏட்டி, வயித்து வலின்னு சொன்னதெல்லாம் இதுக்கா?"

பொன்செல்வி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றாள். அழவில்லை. அந்த வயதில் பிள்ளைகள் அழாமல் நிற்கும்போது பார்க்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

"ஏன் மக்கா ஒரு வார்த்த சொல்லல? நீ சும்மா ஏறி ஒக்காந்திருக்கன்னுதான நெனச்சேன். நான் ஒன்னய ஜவுளிக்கடைக்கு அனுப்பப் பாத்தேனே."

"நீ மதுரையில மேடையேறிச் சொன்னேல்லா, எழுவதும் நான்தான் போடுதேன்னு. எல்லாரும் கைதட்டுனாவ. ஊருக்கு வந்து தெருவுல எல்லாருட்டயும் அதையே சொல்லிக்கிட்டிருந்த. அவ்வளவு சந்தோசமா ஒன்னய நான் பாத்ததே இல்லம்மா. அத எப்படிச் சொல்லுவேன்?"

முப்பிடாதி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மகாராஜன் அண்ணாச்சி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூடையைப் பார்த்தார். அந்த மேடையில் முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் கைதட்டியவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் எந்தத் தாளிலும் எழுதத் தெரியாத ஒன்றை அந்தப் பிள்ளை நாலைந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

முப்பிடாதி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, நான் மேடையில சொன்னது பொய்யின்னு வச்சுக்கிடுங்க. இருவத்தேழு என் மக போட்டது. நாளையிலருந்து நாப்பத்து மூணுதான் வரும். தண்ணி வாற அன்னைக்கும் அவ பள்ளிக்கூடம்தான் போவா."

அவர் நாற்பத்து மூன்று தாரையும் சாக்கில் போட்டுக் கட்டினார். இதைச் சொன்னால் மற்ற வீட்டுக்காரிகளும் நாளைக்கு இதையே சொல்வார்கள் என்று முனகினார். சொல்லத்தான் வேண்டும், மீதி இருபத்தொன்பது வீட்டுக்கும் நான் இதே தாளோடு வருகிறேன் என்றேன். சொல்லும்போதே கால் வலித்தது. வாசல் வரை போனவர் நின்று திரும்பினார்.

"எல்லாஞ் சரி தாயி. அப்போ ஆனந்தகுமார் தறி?"

ஆனந்தகுமார் உள் அறை வாசலில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"நிக்கட்டும்" என்றாள் முப்பிடாதி, புருசன் முகத்தைப் பார்த்தபடியே.

அவர் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மகளைத் தாண்டிப் போனவர், ஒரு நிமிடம் நின்று அவள் உச்சியில் கையை வைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பாதி ராத்திரியில் நிற்கப்போகிற தறியை ஓட்டப் புறப்பட்டுப் போனார்.